அத்தை முறை

ஜூன் 9, ஞாயிறு

நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறக் கூடாது, குனியக் கூடாது, பஸ்ஸில் போகக் கூடாது, பிள்ளை பிறக்கிறவரை படுக்கைதான் என்று சொல்லிவிட்டார். கேஸ் ஏஜென்சிக்கு ஏழாம் மாதத்திலேயே லீவு சொல்லியாயிற்று. பிரசவத்துக்கு உடன்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன். அதுவும் நடக்காது. அம்மாவாலும் இப்போது இங்கே வர முடியாது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு எல்லாமே அவள்தான். பிள்ளை பிறந்ததும் தம்பியை லீவு போடச் சொல்லி அப்பாவிடம் விட்டுவிட்டு வருவாள்.

சும்மா படுத்திருந்தால் நான் சுவரோடு சண்டை போட ஆரம்பித்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். போன வருஷம் ஏஜென்சியில் கொடுத்த டைரியைத் தேடி எடுத்து, "எதையாவது எழுதிக்கிட்டுக் கிட" என்று கொடுத்தார். கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை என் நாத்தனார் வருகிறார். மணியின் அக்கா, பெயர் முத்துப்பேச்சி. ஏழு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வருகிறார். எழுதிப் பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. ஏழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வருகிறார் என்று எழுதினாலும் இதே நீளம்தான் வரும்.

அவர் ஒரு பிள்ளையைத் திருடினார். மூன்று தடவை கலைந்து, நாலாவதும் கலைந்ததை யாரிடமும் சொல்லாமல் வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார். புருஷன் வீட்டில் வளைகாப்புகூட நடந்ததாம். பிறகு பிரசவத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, வெளியூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், பிறந்து இரண்டு நாளான ஆண் பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டார். நாலாம் நாள் போலீஸ் வந்தது. பிள்ளை தாயிடம் போனது, இவர் ஜெயிலுக்குப் போனார், புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

மணி இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். சிலிண்டர் இறக்கிவிட்டு வந்து என் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு, "எனக்கு ஒரு அக்கா இருக்கா. பிள்ளையத் திருடிட்டு ஜெயில்ல இருக்கா. இதத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் சரி சொல்லு" என்றார். அந்த நேர்மைக்காகத்தான் சரி சொன்னேன். அப்போது பிள்ளை என்றால் யாரோ ஒருத்தியின் பிள்ளை.

எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் இல்லை. படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். ஆடி வந்தால் கோவில்பட்டிக் காற்று கதவை டமார் டமாரென்று அடிக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

வந்துவிட்டார். கையில் ஒரு துணிக்கடைப் பை, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயது என்று சொன்னார்கள். முன்மண்டை முழுக்க நரை. மணி உள்ளே வந்து செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, காபி கேட்டும் ஆயிற்று. அக்காவைக் காணோம். எட்டிப் பார்த்தால் வாசலிலேயே நிற்கிறார்.

"உள்ள வாங்க மதினி. ஏன் நிக்கீங்க?"

"வரவா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் கேள்விதான். தண்ணி குடிச்சுக்கிடவா? ஃபேன் போட்டுக்கிடவா? பாத்ரூம் போய்க்கிடவா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மதினி, அதுக்கெல்லாம் நான் அனுமதி குடுக்கத் தொடங்குனா என் தலையில ரெண்டு கொம்பு மொளச்சிரும்" என்றேன். கொஞ்சம் தாமதமாகத்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்று கவனித்தேன். என் வயிற்றைப் பார்ப்பதே இல்லை. ஏழு மாத வயிறு. எனக்கு முன்னால் அதுதான் அறைக்குள் நுழைகிறது. அவரோ என் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

ஜூன் 19, புதன்

ஜெயிலில் சமையல்கட்டில் இருந்தாராம். கை இன்னும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மூன்று பேருக்கு ஒரு குண்டான் ரசம். அந்த ரசத்தை நேற்று குடித்தோம், இன்று குடித்தோம், மீதியைப் பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காவுக்கும் கொடுத்தோம். ரசம் நன்றாக இருந்ததை நான் மறைக்கவில்லை.

ஜெபமணி அக்கா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து, கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிள்ள பொறக்கப்போற வீடு கனி. யோசிச்சுத்தான் வச்சிருக்கீங்களா?" என்றார்.

"அவங்க என் வீட்டுக்காரரோட அக்கா. யோசிக்க என்ன இருக்கு?" என்றேன் வெடுக்கென்று. அப்படிச் சொன்னதில் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

குட்டித் துணிகளையும் அணைத் துணிகளையும் வைத்திருந்த பெட்டியை எங்கள் அறை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இந்த வீட்டில் கரப்பான் பூச்சி அதிகம்.

ஜூலை 2, செவ்வாய்

கால் இரண்டும் வீங்கிப்போய்க் கிடக்கின்றன. மதினி உப்புப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

என் வாய் சும்மா இருக்காது என்று அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறாள். மணி லோடு ஏற்றப் போய்விட்டார். மதினி என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேட்டேவிட்டேன்.

"ஏன் மதினி அப்படிச் செஞ்சீங்க?"

கீரையை உருவும் கை நிற்கவில்லை. "சொன்னா சாக்கு சொல்லுத மாதிரி இருக்கும் தாயி."

"சாக்குன்னா சாக்குன்னு நானே சொல்லிருதேன். நீங்க சொல்லுங்க."

"புருஷன் வீட்ல பேசுன பேச்சு தாங்காமச் செஞ்சுட்டான்னு வக்கீல் கோர்ட்ல சொன்னாரு. பேசுனாங்க, நெசந்தான். பேச்சு வாங்குனவ எல்லாரும் பிள்ளையத் தூக்கிட்டா போறா? நான்தான தூக்குனேன்." ஒரு காம்பை ஒதுக்கிப் போட்டார். "நாலு நாளும் அழுதான் தாயி. பவுடர் பாலு கரைச்சுக் குடுத்தேன், தோள்ல போட்டு நடந்தேன், ஒண்ணுக்கும் அடங்கல. வீட்ல அத்தன பேரும் என்னையத் தாயின்னு நம்பிட்டாங்க. அவன் ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சுபோச்சு."

வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

ஜெயிலைப் பற்றியும் சொன்னார். சின்னப் பிள்ளை உள்ளவர்கள் பிள்ளையோடுதான் உள்ளே இருப்பார்களாம். மதினி நடந்து வந்தால் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாளாம். "ரெண்டு கொலை செஞ்சவ ஒருத்தி இருந்தா. அவகூட என்னையக் கண்டா பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போயிருவா. அங்கயும் ஒரு மேல்சாதி கீழ்சாதி உண்டு தாயி. பிள்ளை திருடி எல்லாருக்கும் கீழ."

"இப்ப மாறிட்டீங்கள்லா மதினி?"

இந்தக் கேள்விக்கு "ஆமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் யோசித்தார். உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தார்.

"தெரியல தாயி. திருந்திட்டேன்னு ஜெயில்ல எழுதி வாங்கிக்கிட்டாங்க. அங்க எப்படித் தெரியும்? சாராயமே இல்லாத எடத்துல குடிகாரன் குடிக்காம இருக்கதுல என்ன இருக்கு? கைக்கு எட்டுத தூரத்துல ஒரு பிள்ளை கிடக்கும்போதுல்லா தெரியும். அதனால நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. பிள்ளை பொறந்தப்பொறம் என்கிட்டத் தனியா மட்டும் விட்டுராத."

கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபமான கோபம். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் பேசுகிற பேச்சா இது? ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஜூலை 15, திங்கள்

பிள்ளை பிறந்ததும் அக்காவுக்கு வேறு இடம் பாருங்கள் என்று மணியிடம் சொன்னேன். இது சின்ன வீடு, ஆட்கள் அதிகமானால் பிள்ளைக்குக் காற்றோட்டம் போதாது. மணி சட்டையை மாட்டிக்கொண்டு லோடுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெபமணி அக்காவும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் கண்ணாடி வளையல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து வகைச் சாதமும் மதினி கைவேலை. அடுப்படியைவிட்டு அவர் வெளியே வரவேயில்லை. எல்லோரும் போன பிறகு என் வளையல்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "பச்ச ஒனக்கு நல்லாருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 17, சனி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். தையல் இழுக்கிறது. பெண் பிள்ளை. மூக்கு மணியுடையது, பாவம். மற்றதெல்லாம் என்னுடையது.

புதன்கிழமை காலையில் எழுந்தால் சேலை முழுக்க ரத்தம். மணி கழுகுமலைப் பக்கம் லோடோடு போயிருந்தார், போன் எடுக்கவில்லை. "மதினி" என்று ஒரு சத்தம்தான் போட்டேன். அதுவரை என்னைத் தொட்டே பேசாதவர், அலாக்காக என்னைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, காலுக்குக் கீழே தலையணையைக் கொடுத்து, 108-க்குப் போன் போட்டு, ஜெபமணி அக்காவைக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டச் சொல்லி, எல்லாவற்றையும் யாரிடமும் "செய்யவா" என்று கேட்காமல் செய்தார். வண்டியில் என் கையைப் பிடித்திருந்தார். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றுக்குள் இனி காலே வைப்பதில்லை என்று சாமியிடம் சொல்லிவைத்திருந்தாராம். அதைப் பிறகு மணி சொன்னார்.

எனக்கு மயக்க ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை மறுநாள் நர்ஸம்மா வந்து சொன்னார், புகார் சொல்கிற மாதிரி.

"ஒங்க நாத்தனாருக்குப் பொம்பளப் பிள்ளைன்னா ஆகாதோ? தொடச்சு, துணி சுத்தி, தியேட்டர் வாசல்ல கொண்டுபோய் நீட்டுதேன். கைய நீட்ட மாட்டேங்காங்க. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நிக்காங்க. ஆம்பளப் பிள்ளைன்னா ஓடிவந்து வாங்கியிருப்பீங்களோன்னு நல்லாக் கேட்டுட்டேன். மண்டைய மண்டைய ஆட்டுதாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா சிஸ்டர்?"

"சொன்னாங்க. அதுதான் எனக்கு வெளங்கல. அவங்க அப்பன் வர்றவரைக்கும் உள்ளயே வச்சுக்கோங்க, யாருகிட்டயும் குடுக்காதீங்கன்னாங்க. சரின்னு திரும்புனேன். ஓடிவந்து, கொஞ்ச நேரங் கழிச்சு நானே வந்து கேட்டாலும் குடுத்துராதீங்கன்னு சொல்லிட்டுப் போய்ச் சுவத்தப் பாத்து உக்காந்துட்டாங்க. கொஞ்சம் மனசு சரியில்லாதவங்களோ?"

மணி வந்து சேரும்வரை என் பிள்ளை நர்ஸம்மா கையில் இருந்திருக்கிறது. பிறந்த பிள்ளையைச் சொந்தக்காரர் கை வாங்கவில்லையே என்று முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் நர்ஸம்மா அறையைவிட்டுப் போகிறவரைக்கும்கூட நிற்கவில்லை. பெண் பிள்ளையை வெறுக்கிறவள் என்று பேர் வாங்கிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரே என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதால் தையல் இழுக்கிறது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. "அவங்க கொஞ்சம் பழைய காலத்து ஆளு சிஸ்டர்" என்றேன். ஒரு பழி போதாதென்று நானும் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன்.

மணி வந்த நிமிஷத்திலிருந்து மதினி ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, எதிர்க்கடைப் பெஞ்சில்தான் இருக்கிறார். அங்கிருந்து பிளாஸ்க்கில் கஞ்சி வருகிறது. ஒரு குண்டான் கஞ்சி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. அம்மா வந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலையாக, புதுத் தாழ்ப்பாளைப் பார்த்து, "இதையாவது உருப்படியாச் செஞ்சிருக்கியே" என்றாள்.

இரண்டாவது வேலை, சேனை. பிறந்த பிள்ளைக்கு முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறவர்களின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது அம்மாவின் சட்டம். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். அம்மா கேட்பாளா? அவளே விரலை நனைத்துக்கொண்டு வந்தாள். நான் பிள்ளையைத் தூக்கித் திருப்பிக்கொண்டேன். "ஒன் குணம் எனக்கு வந்து நான் படுறபாடு போதும்மா" என்றேன். இரண்டு நாளாக அம்மா என்னோடு பேசவில்லை.

மதினிக்குச் சேனை வைத்தது ஊரே கையெடுத்துக் கும்பிட்ட ஒரு பெரியம்மையாம், மணி சொன்னார். அப்படியானால் அந்தக் குணமெல்லாம் எங்கே போயிற்று? இல்லை, போகாமல் எங்கேயோ உள்ளே இருந்துகொண்டு, ஏழு வருஷம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் வெளியே வந்ததா? எனக்கு இந்தச் சட்டமெல்லாம் பிடிபடவில்லை.

மதினி எங்கள் அறைப் பக்கமே வருவதில்லை. பத்தியச் சாப்பாட்டை வாசல்படிக்கு வெளியே வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறார். அம்மா எடுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்துகிறாள். "பேச்சின்னு பிள்ளையக் காக்குத சாமி பேரை வச்சுக்கிட்டுப் பண்ணுன வேலையப் பாரு" என்கிறாள், வெளியே கேட்கும்படி. பூண்டுக் குழம்பை மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறாள்.

செப்டம்பர் 4, புதன்

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அம்மா மருந்துச் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பிள்ளை தூங்கியது. அறைக்கதவை வெளியே சாத்திவிட்டு, அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று குளியலறைக்குள் போனேன். தலைக்குச் சீயக்காய் போட்டிருக்கிறேன், வீல் என்று ஒரு அழுகை.

கண்ணில் சீயக்காய். சேலையைத் தேடுகிறேன், கைக்கு அகப்படவில்லை. அப்போது மதினி குரல் கேட்டது. அறை வாசலில் இருந்து வந்தது. கதவு திறந்த சத்தம் இல்லை.

"இந்தா வந்துருவா. ஒங்கம்மா குளிக்கா. தண்ணி ஊத்துத சத்தம் கேக்குதா? அதுதான் ஒங்கம்மா. எங்கயும் போகல. ஒன்னைய விட்டுட்டு அவ எங்க போவா? தலைக்கு ஊத்திருக்கா, சீயக்கா எரியும், கழுவிட்டு வந்துருவா. நான் வர மாட்டேன், நான் வெளிய நிக்கேன். நீ அழு, அழுதாத்தான் அவ வெரசா வருவா. இந்தா அடுத்த சொம்பு ஊத்துதா, கேளு..."

நான் ஊற்றினேன். தலை எப்போதோ அலசியாகிவிட்டது. இருந்தும் இன்னொரு சொம்பு ஊற்றினேன். அதற்கப்புறமும் ஒன்று. பிள்ளையின் அழுகை சிணுங்கலாகி, அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அடங்கியது. நான் ஈரத்தோடு கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அந்த நாலு நாளும் அழுத பையனுக்கு இப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. மதினிக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

வெளியே வந்தபோது மதினி வாசலில் இல்லை, அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வியாழக்கிழமை முப்பதாம் நாள். பேர் வைக்க வேண்டும். மணி 'இளவேனில்' என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கோவில்பட்டி வெயிலில் வேனிலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்டேன். என்றாலும் அழகாகத்தான் இருக்கிறது.

சண்டை பேரில் இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையை மடியில் வாங்கி, காதில் பேரைச் சொல்லி, முதல்முதலாகத் தொட்டிலில் போடுவது அப்பாவுடன் பிறந்த அத்தை. அது அத்தை முறை. சாத்தூரில் இருக்கும் மணியின் சித்தப்பா மகளைக் கூட்டிவந்து அத்தையாக உட்காரவைத்துவிடலாம் என்று அம்மா ஏற்பாடே செய்துவிட்டாள். பட்டுச்சேலை நிறம்கூடப் பேசியாயிற்றாம்.

மணி வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. மதினிதான் திறந்தார். ராஜபாளையம் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்களாம், புதன்கிழமையே போய்ச் சேர்ந்துவிடுகிறேன் என்றார்.

"அங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா உள்ளதச் சொல்லுவேன். பொம்பளப் பிள்ளைக தங்குத எடம். சொல்லாம இருக்கக் கூடாது."

"வியாழக்கிழமை முடிச்சுட்டுப் போங்க. பிள்ளையத் தொட்டில்ல யார் போடுவா?"

அம்மா கையில் இருந்த தட்டை ணங்கென்று வைத்தாள். மதினி என் நெற்றியைப் பார்த்தார். "வேண்டாம் தாயி. நாளைக்குப் பிள்ளை பேர்ல ஒரு பேச்சு வரும். ஒனக்கு எம்மேல எரக்கம். அதுக்காகச் செய்யாத."

"எரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் பிள்ளைக்கு இருக்கது ஒரே ஒரு அத்தை. அத்தை இருக்கும்போது சாத்தூர்ல இருந்து கடன் வாங்கணுமா?"

"நான் பிள்ளையத் தொட்டு ஏழு வருஷம் ஆச்சு தாயி."

"அத்தன பேர் முன்னாலதான. தனியா இல்லயே. நீங்க சொன்னத நான் மறக்கல."

அம்மா உடன்குடிக்கு பஸ் ஏறுகிறேன் என்றாள். போகவில்லை. பேத்தியை விட்டுவிட்டு அவளால் போக முடியாது.

நான் துணிச்சலாகப் பேசிவிட்டேன். பேசி முடித்ததிலிருந்து அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். பயம்தான், வேறென்ன. இந்த டைரியில் முதல் பக்கத்திலிருந்து கரப்பான் பூச்சி, காற்று என்று எழுதிவைத்திருப்பதெல்லாம் அதுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிப்பேர் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள், பாதிப்பேர் மதினியைப் பார்க்க வந்தவர்கள். தொட்டில் கட்டி, பூச்சுற்றி, தரையில் பாய் விரித்தாயிற்று. மதினி கத்திரிப்பூ நிறச் சேலையில், குனிந்த தலை நிமிராமல் பாயில் உட்கார்ந்திருந்தார். எத்தனை தடவை கையைக் கழுவினாரோ, விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

நான் பிள்ளையைக் கொண்டுவந்தேன். கொடுக்க மனசு வந்தது என்று எழுதினால் பொய். கையைத்தான் நீட்டினேன். மனசு பின்னாலேயே நின்று இழுத்துக்கொண்டிருந்தது. ஜெபமணி அக்கா பேச்சை நிறுத்தினார். அம்மா என் முதுகுக்குப் பின்னால், பாய்வதற்குத் தயாராக நின்றாள்.

மதினி வாங்கினார். கழுத்துக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. மடியில் கிடத்திக்கொண்டு, முதல்தடவையாகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். ஒரே வீட்டில் இத்தனை நாள் இருந்தும் அவர் அதுவரை அந்த முகத்தைப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து காதில் "இளவேனில்" என்றார், மூன்று தடவை. மூன்றாவது தடவை குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

அடுத்து எழுந்து, பக்கத்தில் இருக்கும் தொட்டிலில் போட வேண்டும். எழுந்தார். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தொட்டிலைத் தாண்டி நடந்தார்.

"ஏய், எங்க போறா?" என்று சாத்தூர்க்காரி கத்தினாள். "தொட்டில்! தொட்டில்ல போடணும்!" என்று நாலைந்து குரல். மணி குறுக்கே ஒரு அடி வந்துவிட்டார். அக்காவை அவ்வளவு நம்பிய மணி. பிறகு நின்றுவிட்டார், முகம் கறுத்துப்போய்.

மதினிக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றார். அணைப்பைத் தளர்த்தி, பிள்ளையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இந்தா தாயி. ஒம் பிள்ளை."

நான் வாங்கிக்கொண்டேன்.

கொடுத்த பிறகும் அவர் கை இரண்டும் அப்படியே நீட்டியபடி இருந்தன. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கு நான் குடுக்கல தாயி. போலீஸ்தான் புடுங்கிக் குடுத்துச்சு. பெத்தவ கைநீட்டிக்கிட்டு நின்னா, நான் குடுக்கல" என்றார். அப்புறம் அழுதார். ஜெயிலுக்குள் அழாததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல் அழுதார். என் பிள்ளையும் சேர்ந்துகொண்டது, நானும்.

முறை தப்பிவிட்டதே, மறுபடி முதலிலிருந்து செய்யணுமே என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அப்போது அம்மா சொன்னாள், என் அம்மா: "அதெல்லாம் ஒண்ணும் தப்பல. பிள்ளை பசிக்கு அழுவுது, முதல்ல பாலு குடுக்கட்டும். குடிச்சப்பொறம் அத்தைக்காரி தொட்டில்ல போடுவா. எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க."

பால் குடித்து முடித்ததும் மதினி தொட்டிலில் போட்டார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மில் வேலைக்கு மதினி நாளைக்குப் போகிறார். நாங்கள் தடுக்கவில்லை. அவருக்கென்று ஒரு சம்பளமும் ஒரு கட்டிலும் வேண்டும் என்கிறார். கேட்டார்களாம், உள்ளதைச் சொன்னாராம், அந்த வார்டன் அம்மா ஒரு நாள் யோசித்துவிட்டு வரச் சொல்லிவிட்டாராம். மாதம் ஒரு தடவை வருவார்.

மனுஷர்கள் திருந்துவார்களா என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. மதினிக்கே தெரியாதாம், எனக்கு எப்படித் தெரியும்? இந்த நிமிஷம் வீட்டில் அம்மா இல்லை, மணி இல்லை. பிள்ளை அடுத்த அறையில் மதினி மடியில் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன். "தனியாவா?" என்று பயந்தார். "நான் இங்கனதான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எழுதுகிறேன் என்று பேர். மூன்று தடவை எழுந்து போய், ஏதோ எடுக்க வந்தவள்போல எட்டிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை மதினி தலையைத் தூக்காமலே சொன்னார்:

"எத்தன வாட்டி வேணும்னாலும் வந்து பாரு தாயி. அதுக்காக ஒண்ணும் எடுக்க வராண்டாம். நீ வந்து வந்து பாக்கது எனக்கும் தெம்பாத்தான் இருக்கு."

வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. பால் குடிக்கிற நேரம்தான். அங்கே சத்தம் ஒன்றும் இல்லை. பிள்ளை தானாக எழட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.